ஊர்ப்பெயர் சொன்ன பாட்டு

மாணவர்களே, கிட்டார் என்றவுடன் மேடையில் பேரொலி எழுப்பும் கருவியே உங்கள் நினைவுக்கு வரும். மின்னிணைப்பு இல்லாத மரக் கிட்டாரை மெல்ல மீட்டிய மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்பவரையே நான் பெருங்கலைஞர் என்பேன்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், அவலான் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கறுப்பின உழவுத் தொழிலாளி அவர். அவருடைய கட்டைவிரல் தடித்த கம்பிகளை மாறி மாறி மீட்டித் தாளம் காக்கும். அதே வேளையில் மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுக்கும். கேட்போர்க்கு இருவர் வாசிப்பதுபோல் தோன்றும். விரைந்து வாசிப்பதே திறமை என்பாரும் உளர்; நான் உடன்படேன். ஒரே கையால் இரு வேலை செய்துகொண்டு, அருகில் அமர்ந்து பேசுவதுபோல் பாடுவது அதனினும் அரிது. ஐயமிருப்பின், கட்டைவிரலால் மேசையில் சீராகத் தட்டிக்கொண்டே மற்ற விரல்களால் வேறொரு தாளம் போட்டுப் பாருங்கள்!

1928ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பாட்டுப் பதிவுசெய்யச் சென்றபோது, அவலான் தம் ஊர் என்று ஒரு பாட்டில் பாடினார். (உங்கள் பாட்டனார் ஊரின் பெயரை உங்களுள் எத்தனை பேர் பிழையின்றி எழுதுவீர்கள்?) இசைத்தட்டுகள் மிகுதியாக விற்கவில்லை. அவர் வயலுக்கே திரும்பினார். 35 ஆண்டுகள் கழித்து, 1963இல், அப்பாட்டில் கேட்ட பெயரைக் கொண்டே இசை ஆர்வலர் ஒருவர் அவ்வூரைத் தேடிச் சென்றார். ஹர்ட் அங்கேதான் இருந்தார்!

அவ்வாண்டே நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் அவர் பாடினார். 1966இல் மறைந்தார். புகழ் வந்த பின்னும் அவர் குரலை உயர்த்தவில்லை. விரல்களின் நடையையும் மாற்றவில்லை.