ஓடுமுன் நிற்கட்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனை அடுத்த வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு முதலிய ஊர்களிலும், பழைய வளவொன்றின் கொட்டிலிலே தூசி படிந்து நிற்கும் மொறிஸ் மைனரையோ ஒஸ்ரினையோ சில வேளைகளிற் காண்கிறோம். தந்தையார் ஓட்டிய வண்டி. தம்பதிகளை ஏற்றி ஊர்கோலம் போன வண்டி. விடுமுறையில் ஊர் திரும்பும் மகனுக்கு அதனைக் கண்டதும் ஓர் ஆசை எழுகிறது. புதுப் பற்றரி, ஒரு போத்தல் பெற்றோல். மாலைக்குள் பண்ணைப் பாலத்தைக் கடந்துவிட வேண்டும்!

ஆசை பாராட்டத்தக்கதே. ஆயினும், எஞ்சின் உறுமிய கணமே வண்டி பிழைத்துவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழையாகும். ஓடாத வண்டி எவருக்கும் தீங்கு செய்வதில்லை; ஓடத் தொடங்கி நிற்க மறுக்கும் வண்டியே உயிர் குடிப்பது.

1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் அழுத்தம் ஒரே உருளையிலிருந்துதான் செல்கிறது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கும் ஒருங்கே செயலிழக்கும். எஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. பிறேக் திரவமோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் அவ்வீரம் உருளைகளின் உட்புறத்தைக் கறள் பிடிக்கச் செய்யும். றப்பர்க் குழாய்களோ வெளியே நன்றாய்த் தோன்றி உள்ளே சிதைந்திருக்கும். பிரதான உருளை சாரதியின் காலடித் தளத்தின் கீழே மறைந்திருப்பதால் அதனை நோக்குவாரும் அரியர். ஆகவே இவற்றைப் பிரித்துப் பார்த்துப் புதுப்பித்தலே முதற் பணி. வண்டியை உயர்த்துவோர் ஜாக்கியை மாத்திரம் நம்பி அடியிற் புகலாகாது. உறுதியான மரக்குற்றிகளை முட்டுக் கொடுத்தல் வேண்டும்.

அடுத்தது உடல். இவ்வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தகட்டு உடலே எலும்புக்கூடு. உப்புக் காற்று அரித்த தகட்டைப் புதுப் பூச்சினால் மறைத்தல், இற்றுப்போன தூணுக்கு வெள்ளையடித்தலை ஒக்கும். முன்சில்லுகளைத் தாங்கும் மரைமூட்டுகள் கிறீஸ் இன்றித் தேய்ந்திருப்பின் சில்லு மடிந்துவிடவும் கூடும். ரயரின் பூத் தேயாதிருப்பினும், வயதேறி வெடித்த றப்பரை நம்புதல் தகாது.

இவற்றின் பின்னரே எஞ்சின். 1990 இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடைப்பட்டபோது, சிறிதளவு பெற்றோலால் எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர் நம்மவர். அந்தச் சாமர்த்தியத்தை மெச்சுகிறோம். எனினும் மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாத பகுதி கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். எனவே பழைய எண்ணெயை முற்றாக வடித்துப் புதியது ஊற்றுக. பிளக்குகளைக் கழற்றித் துளைகளிற் சிறிது எண்ணெய் விட்டு, முன்புறக் கைப்பிடியால் மெல்லச் சுழற்றுக. இறுகி நின்றால் வலிந்து முயலற்க. பெற்றோல் தாங்கியின் கறளையும் பழைய பெற்றோலின் பிசினையும் அகற்றுக. மொறிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வழக்கம் இதற்கு மாறானது. எனவே இணைக்கு முன் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

முதல் ஓட்டம் வளவுக்குள்ளேயே, நடைவேகத்தில் அமையட்டும். பத்து முறை ஓட்டிப் பத்து முறையும் நேராக நின்றதா என்று காண்க. புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியனவும் ஒழுங்காகட்டும். அதன் பின்னரே தெரு.

தீவகத்து வீதிகளில் மலையில்லை, வளைவுகளும் குறைவு. ஆதலால் அச்சமில்லை என்பர் சிலர். பண்ணையிலிருந்து வேலணைக்கும், அங்கிருந்து புங்குடுதீவுக்கும் செல்லும் பாதைகளில் இருபுறமும் கடல்; ஒதுங்க இடமேது? எதிரே சைக்கிளில் வருபவை பள்ளிப் பிள்ளைகள்.

தந்தையாரின் வண்டியைப் போற்றுவோர் அவருடைய நிதானத்தையும் போற்றுவார்களாக. ஒரு விடுமுறை போதாவிடின் அடுத்த விடுமுறை வரட்டும். இத்தனை ஆண்டுகள் காத்திருந்த வண்டி, இன்னும் ஓராண்டு காத்திருக்க மறுக்காது.