சோற்றை விலக்கிய முதல் மூன்று வாரங்கள்

'சோறு கண்ட இடம் சொர்க்கம்' என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்தச் சோற்றையே விலக்கிவிட்டு, இறைச்சி, மீன், முட்டை, நெய், தேங்காய், கீரை ஆகியவற்றைக் கொண்டு உடலைப் பேண முனைவோர் இன்று நம் ஊர்களில் பெருகி வருகின்றனர். 'கீட்டோஜெனிக்' உணவுமுறை என்றும், சுருக்கமாகக் 'கீட்டோ' என்றும் வழங்கப்பெறும் இம்முறையை மேற்கொள்வோருள் உடல் பருத்த இளைஞர் உளர். நீரிழிவோடு பல்லாண்டு போராடிய பெரியவர் உளர். விடுதியில் தங்கிப் பயிலும் மாணவரும் உளர். ஆர்வத்தோடு தொடங்கியவர் இரண்டாம் வாரத்திலேயே தலையைப் பிடித்துக்கொண்டு மீண்டும் சோற்றுக்குத் திரும்புவதையும் காண்கிறோம். அவரை 'மன உறுதி இல்லாதவர்' என்று சுற்றம் நகைக்கிறது. இந்நகைப்பு முறையாகாது. தொடக்க வாரங்களைக் கடப்பதற்கு வைராக்கியத்தைவிட அறிவும் துணையுமே மிகுதியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மருத்துவமனையில் பிறந்த உணவு

இவ்வுணவுமுறை முதன்முதலில் எடை குறைப்பதற்காகத் தோன்றியதன்று. வலிப்பு நோயாளர் உண்ணாதிருக்கும்போது வலிப்புக் குறைவதை மருத்துவர்கள் முன்பே கண்டிருந்தனர். ஆனால், எத்தனை நாள் பட்டினி கிடக்க இயலும்? 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சார்ந்த ரஸ்ஸல் வைல்டர் என்னும் மருத்துவர் இதற்கொரு வழி கூறினார். மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பை மிகுத்து உண்டால், பட்டினியால் விளையும் அதே மாற்றத்தை உண்டுகொண்டே பெறலாம் என்றார். 'கீட்டோஜெனிக்' என்னும் பெயரும் அவர் இட்டதே.

1938இல் பெனிட்டாயின் என்னும் வலிப்பு மருந்து வந்தபின் இம்முறை படிப்படியாக மங்கியது. பின்னர், எம்மருந்துக்கும் அடங்காத வலிப்புடைய சார்லி என்னும் சிறுவன் இவ்வுணவால் நலம் பெற்றான். அவன் தந்தையாகிய திரைப்பட இயக்குநர் ஜிம் ஆபிரகாம்ஸ் 1994இல் ஓர் அறக்கட்டளை நிறுவி, இம்முறையை மீண்டும் உலகறியச் செய்தார். 2008இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், இவ்வுணவை உண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 38 பேருக்கு மூன்று மாதங்களில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. வழக்கமான உணவை உண்டவருள் அவ்வாறு குறைந்தது நூற்றுக்கு 6 பேருக்கே.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அக்குழந்தைகளை மருத்துவமனையில் சேர்த்து, இரத்தச் சர்க்கரையை அளந்து பார்த்தபடியே இவ்வுணவைத் தொடங்குவது நெடுங்கால வழக்கம். ஒவ்வொரு கிராமையும் நிறுத்து உணவு சமைக்கப் பெற்றோருக்குப் பயிற்சியும் தரப்பட்டது. அந்த உணவு இன்று வீட்டுக்கு வந்துவிட்டது. கண்காணிப்பு மட்டும் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டது.

உடலுக்குள் நிகழ்வது

நூறு கிராம் வெந்த சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உள்ளது. கீட்டோ முறையில் ஒரு நாள் முழுமைக்கும் பெரும்பாலும் 20 முதல் 50 கிராம் அளவே உண்ணப்படுகிறது. நம் உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில், கல்லீரலிலும் தசைகளிலுமாக ஏறத்தாழ அரைக் கிலோ சேமித்து வைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு நீரைத் தன்னோடு பிணைத்து வைத்திருக்கும். சோறு நின்றதும் இச்சேமிப்புக் கரைகிறது. நீரும் உடன் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடைக்கருவி இரண்டு மூன்று கிலோ குறைத்துக் காட்டுமாயின், அதில் பெரும்பகுதி இந்நீரே. கொழுப்புக் கரைந்துவிட்டதென்று மகிழ்வதற்கு அது காலமன்று.

அதே வேளையில் இன்சுலின் சுரப்பும் குறைகிறது. இன்சுலின் குறைந்தால், சிறுநீரகம் உப்பைத் தக்கவைத்துக் கொள்ளாமல் வெளியேற்றும். நீரும் உப்பும் இழந்த உடலில் தலைவலி, அயர்ச்சி, எழுந்து நிற்கையில் தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, எரிச்சல், உறக்கமின்மை ஆகியவை தோன்றுகின்றன. 'கீட்டோ ஃப்ளூ' என்று இதனை அழைக்கின்றனர். பெயரில்தான் ஃப்ளூ; இதில் தொற்றும் இல்லை, கிருமியும் இல்லை. மூளை நாள்தோறும் ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரையை எரித்துப் பழகிய உறுப்பு. கல்லீரல் கொழுப்பிலிருந்து ஆக்கித் தரும் கீட்டோன்களை மிகுதியாகப் பயன்படுத்திக்கொள்ள அதற்குச் சில நாட்கள் வேண்டும். மூச்சில் ஒருவகை வாடை வீசுவதும் இக்காலத்தில் உண்டு. அது அசிட்டோனின் வாடை. இத்தொல்லைகள் பெரும்பாலோர்க்கு ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். கடும் உடலுழைப்புக்குரிய வலிமை திரும்புவதற்கு மேலும் சில வாரங்கள் ஆகலாம்.

கடக்கும் வழி

காரணம் தெரிந்துவிட்டால் வழியும் தெரியும். இரத்த அழுத்தமோ, இதய நோயோ, சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர் இந்நாட்களில் நீரோடு உப்பையும் போதிய அளவு சேர்த்துக்கொள்ள வேண்டும். உப்பிட்ட ஆட்டெலும்புச் சூப்பு ஒரு கிண்ணம் தலைவலியைத் தணிக்க உதவும். வெறும் நீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பது, உள்ள உப்பையும் நீர்த்துப்போகச் செய்யும். முருங்கைக்கீரை, அரைக்கீரை போன்றவற்றால் பொட்டாசியமும் மக்னீசியமும் கிடைக்கின்றன. புடலை, வெண்டை, சுரை, பீர்க்கு ஆகியவை மலச்சிக்கலைத் தடுக்கத் துணை செய்கின்றன.

பலர் இடறும் இடங்கள் இரண்டு. சோற்றை விட்டவர் சிலர், கொழுப்புக்கும் அஞ்சி நெய்யையும் எண்ணெயையும் விட்டுவிடுகின்றனர். அவர் மேற்கொண்டிருப்பது உணவுமுறையன்று, பட்டினி. வேறு சிலர் சீனியை விலக்கித் தேனையும் கருப்பட்டியையும் பேரீச்சையையும் கைக்கொள்கின்றனர். நாவுக்குச் சுவை வேறாக இருப்பினும் இரத்தத்துக்கு அவை யாவும் சர்க்கரையே. முதல் வாரம் தேநீர்ச் சீனியும் இனிப்பும், அடுத்த வாரம் இரவுச் சோறு, அதன்பின் பகற்சோறு என்று படிப்படியாகக் குறைப்பவர்க்கு இடர் குறையும். வேகம் இங்கே வீரமாகாது.

தாமாகத் தொடங்கலாகாதவர்

தொல்லை வேறு, ஆபத்து வேறு. நீரிழிவுக்காக இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைட் போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர், மருந்தின் அளவை மருத்துவரைக் கொண்டு மாற்றாமல் சோற்றை நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழ நேரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உண்போர்க்கு வேறோர் இடர் உண்டு. சர்க்கரை அளவு பெரிதாக உயராமலேயே, இரத்தம் அமிலமாகும் கொடிய நிலை அவர்க்கு நேரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு ஆகியவை கண்டால் அதனைக் 'கீட்டோ ஃப்ளூ' என்று எண்ணி வீட்டில் இருந்துவிடக் கூடாது; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர், சிறுநீரக நோயாளர், கருவுற்றவர், பாலூட்டும் தாய்மார் ஆகியோரும் தாமாக இதில் இறங்கலாகாது.

நோன்பு நோற்றுப் பழகிய நமக்கு இஃது எளிது என்று சிலர் கூறக் கேட்கிறோம். பகலெல்லாம் உண்ணாதிருந்த உடலுக்கு மாலையில் பேரீச்சையும் கஞ்சியும் வந்து சேர்கின்றன. குறைந்த மாவுச்சத்துச் சேமிப்பு அவ்விரவே நிரம்பத் தொடங்குகிறது. ஆதலால் இரண்டும் ஒன்றல்ல. பகலில் நீரும் அருந்த இயலாத ரமலான் மாதத்தில் இவ்வுணவுமுறையைப் புதிதாகத் தொடங்குவது அறிவுடைமையாகாது.

மாணவர்க்கும் ஒரு சொல். நோய் ஏதுமின்றி, தோற்றம் ஒன்றையே கருதி, விடுதிக் குழம்பை மட்டும் குடித்துச் சோற்றை ஒதுக்குவது வளரும் உடலுக்குச் செய்யும் தீங்காகும். பரோட்டாவையும் குளிர்பானத்தையும் விட்டாலே உங்களுள் பலருக்குப் போதும்.

நான்கும் கூடியதே மருத்துவம்

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையவர் என்று மதிப்பிட்டது. தட்டில் சோற்றைக் குறைக்க வேண்டிய தேவையை இனி மறுப்பதற்கில்லை. கீட்டோ முறையால் முதற்சில மாதங்களில் எடையும் சர்க்கரையும் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓராண்டு கடந்தபின் பிற உணவுமுறைகளோடு ஒப்பிட அவ்வேறுபாடு சுருங்குவதையும், சிலர்க்குத் தீய கொழுப்பு உயர்வதையும் ஆய்வுகளே காட்டுகின்றன. எனவே இதனை இகழ்வதும் பிழை. எல்லார்க்கும் உரியதென்று முழங்குவதும் பிழை.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். இன்று நம் வீடுகளில் தொடங்கும் கீட்டோ முறையில் நோயாளி இருக்கிறார். உணவாகிய மருந்தும் இருக்கிறது. மற்ற இருவர் இல்லை. தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்து மருந்தளவை மாற்றித் தரும் மருத்துவர் வேண்டும். வீட்டில் ஒருவர் சோற்றை விலக்கியிருக்கும் நாளில், 'விருந்தில் ஒரு கவளம் பிரியாணி உண்டால் என்ன?' என்று வற்புறுத்தாத உறவினர் வேண்டும். தலை சுற்றுகிறது என்றால் நகைக்காமல் உப்பிட்ட சூப்பைக் கொண்டுவந்து தரும் கை வேண்டும். தனியே சமைக்கும் அச்சுமையைத் தாய்மீதோ மனைவிமீதோ மட்டும் ஏற்றாத குடும்பமும் வேண்டும்.

இவ்வளவும் அமைந்து, மூன்று வாரம் முயன்றும் உடல் ஒப்பவில்லையாயின், மருத்துவர் சொற்படி பாதியளவு சோற்றுக்குத் திரும்புவது தோல்வியாகாது. அதுவும் உடல்நலத்துக்கு ஒரு வழியே. முயன்றவரின் உடல்நிலையை அறியாது அவருடைய மன உறுதியை அளக்க நமக்கு உரிமையில்லை.