ஐந்து வருஷம் சும்மா இருந்தால் அறுநூறு ரூபாய்!

வேலை இல்லை என்று நிரூபிப்பதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் வேறு கிடையாது. அனுபவஸ்தன் சொல்கிறேன், கேளுங்கள்.

அடியேன் 2014-ல் பி.காம். முடித்தேன். முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். (அப்போது எங்கள் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர் 26-ல்.) மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்தேன். காதலியின் பிறந்தநாளை மறந்திருக்கிறேன், இதை மறந்ததில்லை. காதலி போய்விட்டாள். பதிவு மூப்பு பத்திரமாக இருக்கிறது.

2023 கடைசியில் ஒரு நண்பன், "டேய், உன்னை மாதிரி ஆளுக்கு கவர்மெண்ட்ல காசு தர்றாங்கடா" என்றான். விசாரித்தேன். உண்மைதான். வேலைவாய்ப்பற்ற இளைஞர் உதவித்தொகை. பத்தாவது ஃபெயிலுக்கு மாதம் 200 ரூபாய், பாஸுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று வருஷம் கிடைக்கும். மாதாமாதம் இல்லை, மூன்று மாதத்துக்குச் சேர்த்து வங்கிக் கணக்கில் போடுவார்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும், வயது நாற்பதைத் தாண்டக் கூடாது (எஸ்.சி., எஸ்.டி.க்கு 45). என்ஜினீயர், டாக்டர் போன்ற தொழிற்படிப்புக்காரர்களுக்குக் கிடையாது. எங்கள் தெருவில் நாலு என்ஜினீயர்கள் சும்மா இருக்கிறார்கள். ஒரு பி.காம்.காரனைப் பார்த்து அவர்கள் பொறாமைப்பட்டதை அன்றுதான் கண்டேன்!

இன்னொரு விதி உண்டு. பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். 1911-ல் இங்கிலாந்தில் சட்டம் போட்டு, வேலை போனவர்களுக்கு வாரம் ஏழு ஷில்லிங் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். முதல் வாரம் மட்டும் காத்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு வாரம், நமக்கு ஐந்து வருஷம். நம் பொறுமை மேல் அரசாங்கத்துக்கு அவ்வளவு நம்பிக்கை.

எனக்குத்தான் ஒன்பது வருஷம் ஆகியிருந்ததே! வருவாய்த்துறைக் கையெழுத்து, பாஸ்புக் ஜெராக்ஸ், எல்லாம் வைத்துக் கொடுத்தேன். காலாண்டுக்கு 1,800 ரூபாய். வருவதற்கு முன்பே செலவு செய்தாயிற்று. அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் போய், "மூணு மாசத்துக்கு ஒருதடவை செட்டில் பண்ணிடறேண்ணே" என்றேன். அவரும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

முதல் காலாண்டு வரவில்லை. கவர்மெண்ட் பணம், மெதுவாகத்தான் வரும் என்று இருந்தேன். இரண்டாவதும் வரவில்லை. அலுவலகத்தில் கேட்டால், "நாங்க அனுப்பிட்டோமே, பேங்க்ல கேளுங்க." பேங்கில் கேட்டால், "எங்களுக்கு எதுவும் வரலையே, அங்க கேளுங்க." இரண்டுக்கும் நடுவே நான் கேரம் போர்டு காய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன். மெடிக்கல் ஷாப் அண்ணன் முதலில் சிரிப்பைக் குறைத்தார். அப்புறம் மாத்திரையைக் குறைத்தார், ஒரு அட்டைக்குப் பதில் அரை அட்டை. அம்மா, "பரவால்லடா, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கறேன்" என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2025 பிப்ரவரி கடைசியில் மறுபடி பேங்க் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அக்கா. வெள்ளிமலைப் பக்கம், கல்வராயன் மலையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, கச்சிராயப்பாளையம் வழியாக வந்திருந்தார். கையில் பாஸ்புக், மஞ்சள் பைக்குள் நூறு நாள் வேலை அட்டை.

"மூணு வாரம் வேலை செஞ்சது தம்பி. கார்த்திகையில செஞ்சது. பொங்கலும் போயிடுச்சு, மாசியும் வந்துடுச்சு. வூட்டுக்காரர் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்காரு. மூணு தடவை வந்துட்டேன். பஸ் காசுதான் போவுது."

என் 1,800 ரூபாயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அவருடைய கதை அவருடையது மட்டுமில்லை. 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், தமிழ்நாட்டின் நூறு நாள் கூலி பாக்கி 1,056 கோடி ரூபாய் என்று இருந்தது. மார்ச்சில் ஆளுங்கட்சி போராட்டம் நடத்தியபோது 4,034 கோடி என்றார்கள்.

சும்மா நிற்கிறோமே என்று பணம் எடுக்கும் சலானின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பி.காம். புத்தி! அந்த வருஷம் நாள் கூலி 319 ரூபாய். முழுக் கூலி என்றே வைத்துக்கொண்டால் பதினெட்டு நாளைக்கு 5,742. வருகைப் பட்டியல் முடிந்து பதினைந்து நாளைக்குள் தராவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 0.05 சதவீதம் நஷ்டஈடு என்று விதி. நாளைக்கு 2 ரூபாய் 87 பைசா. அறுபது நாளுக்கு 172 ரூபாய் சொச்சம்.

"அக்கா, உங்களுக்கு நூத்தி எழுபத்திரண்டு ரூபா சேர்த்து வரணும்."

"கூலியே வரலியாம், இதுல வட்டி வேறயா!" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற பெரியவரும் சிரித்தார்.

இன்னொன்றும் சொன்னேன். 2005-ல் வந்த அந்தச் சட்டத்திலேயே வேலையில்லாப் படியும் இருந்தது. வேலை கேட்டு எழுதிக் கொடுத்து பதினைந்து நாளில் வேலை தராவிட்டால், முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதற்கு மேல் அரைப் பங்கு. "அப்படியா! எழுதி எல்லாம் யாரு கேட்டாங்க? பேரு கூப்பிட்டா போவோம், கூப்பிடலன்னா சும்மா இருப்போம்" என்றார். வாயால் கேட்டால் என்றைக்குக் கேட்டோம் என்பதற்கு அத்தாட்சி இல்லை. தேதி போட்ட ரசீது இருந்தால்தான் பதினைந்து நாள் என்று எண்ணவே ஆரம்பிக்க முடியும். (அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றி, நூறு நாளை நூற்றிருபத்தைந்தாக்கியது. நாள் கூடினாலும் ரசீது கேட்டு வாங்குங்கள்.)

ஊருக்கு உபதேசம் பண்ணிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதமாக அலைந்தேனே, ஒருதடவையாவது எழுதிக் கொடுத்தேனா? எல்லாம் வாய்ப்பேச்சு!

கவுண்ட்டரில் இருந்தவர் என் பாஸ்புக்கைப் புரட்டினார். "சார், இது பழைய பேங்க் பாஸ்புக். இதையா ஜெராக்ஸ் கொடுத்தீங்க?" 2020 ஏப்ரல் 1-ல் பத்து பொதுத்துறை வங்கிகளைச் சேர்த்து நாலாக்கினார்களே, அதில் என் வங்கியும் கரைந்துவிட்டது. கணக்கு எண் அதேதான், ஐ.எஃப்.எஸ். கோடு மட்டும் மாறிவிட்டது. பணம் பழைய விலாசத்துக்குப் போய், ஆள் இல்லை என்று திரும்பியிருக்கிறது. பி.காம்.மில் பேங்கிங் பேப்பரில் 68 மார்க் வாங்கியவன் நான்! இதை யாரிடம் சொல்வது? (உங்களிடம் சொல்லிவிட்டேன்.)

புது பாஸ்புக் வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். என் பிரதியில் சீலும் தேதியும் கேட்டேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பாக்கி மொத்தமும் வந்தது. மெடிக்கல் ஷாப் அண்ணன் பழையபடி சிரித்தார். முழு அட்டை கொடுத்தார்.

அந்த அக்காவைப் பிற்பாடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "வந்துச்சி தம்பி. எந்த வாரத்துக் காசுன்னுதான் தெரியல" என்றார்.

"அந்த நூத்தி எழுபத்திரண்டு?"

"எந்த நூத்தி எழுபத்திரண்டு?" என்றவர், பஸ் கிளம்பிவிட, ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

உதவித்தொகை வாங்குகிறவர்கள் வருஷாவருஷம் சுய உறுதிமொழி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். போன தடவை படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சம்பளம் வாங்கும் வேலையிலோ சுயதொழிலிலோ இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்தேன். இந்தப் பத்தி ஞாபகத்துக்கு வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் போய், "அந்தப் பணம் இனிமே வராதுண்ணே. பத்திரிகையில எழுதறேன், அதிலேர்ந்து வரும்" என்றேன்.

நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அது எப்ப வரும்?" என்றார்.