வெள்ளைச் சட்டை வாலிபர்கள்

மதப் பிரசாரகனைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதுவானேன் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். அவனுடைய நம்பிக்கையை நாம் ஏற்பவர்கள் அல்லர். ஆனால், அவன் எத்தனை மணிக்கு எழுகிறான், எவ்வளவு தூரம் நடக்கிறான், அவனை அனுப்புகிறவர் யார், அந்த நடையின் பலன் யாரிடம் போய்ச் சேருகிறது என்பவற்றை அறிந்துவைத்திருப்பது பகுத்தறிவாளனின் கடமை என்று நாம் கருதுகிறோம். அறியாமலே ஏசுவதும், அறியாமலே வணங்குவதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள்.

அமெரிக்க நாட்டிலே யூட்டா என்றொரு மாநிலம். அதன் தலைநகரம் சால்ட் லேக் சிட்டி. 1830ஆம் ஆண்டு ஜோசப் ஸ்மித் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய ஒரு கிறிஸ்தவச் சபைக்கு இன்று அந்த நகரமே தலைமையிடம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப் பெயர். உலகம் அவர்களை மார்மன்கள் என்று அழைத்துப் பழகிவிட்டது.

இந்தச் சபையில் பிறந்த ஆண்பிள்ளை, வயது வந்ததும் இரண்டு ஆண்டுகளைப் பிரசாரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பெண்களும் போகலாம்; அவர்களுக்கு ஒன்றரை ஆண்டு. ஆண்களுக்கு முன்பு 19 வயது என்றிருந்ததை 2012இல் 18 ஆகக் குறைத்தார்கள். எந்த நாட்டுக்குப் போவது என்பதைப் பையன் முடிவு செய்ய முடியாது. தலைமையிலிருந்து அழைப்பு வரும். அதில் ஊர் பெயர் இருக்கும். பிரேசில் என்றால் பிரேசில், கானா என்றால் கானா. மொழி தெரியாதே என்றால், பயிற்சிக் கூடத்தில் சில வாரப் பாடம். மீதியைத் தெருவில் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படி ஒரு பையனுக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரம் வந்து வாய்த்தது என்று வைத்துக்கொள்வோம். அவன் நாள் எப்படிப் போகிறது?

காலை ஆறரை மணிக்கு எழ வேண்டும். தொழுகை, அரை மணி நேரம் உடற்பயிற்சி, குளியல், காலை உணவு. பிறகு தனியாகப் படிப்பு. அதன்பின் கூட்டாளியோடு சேர்ந்து படிப்பு. அதற்கும் மேல் தகலோக் மொழிப் பாடம். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, மார்பிலே கறுப்புப் பெயர்ப்பட்டை. அந்தப் பட்டையில் அவன் சொந்தப் பெயர் இராது, குடும்பப் பெயர்தான். அதற்கு முன்னே 'மூப்பர்' என்ற பட்டம். பதினெட்டு வயதுப் பையன் மூப்பர்!

பிறகு நடை. ஜீப்னி வண்டி ஏறிக் குடியிருப்புகளுக்குப் போய், சந்து சந்தாக நுழைந்து, கதவைத் தட்டுகிறான். மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் நடைதான். அந்த நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். "எங்களுக்கு ஏற்கெனவே ஏசு உண்டு, தம்பி" என்று சிரித்துக் கதவைச் சாத்துகிறார்கள். அவன் அடுத்த கதவுக்குப் போகிறான். இரவு ஒன்பது மணி சுமாருக்கு அறைக்குத் திரும்பி, மறுநாள் திட்டத்தை எழுதி, பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். பல ஆண்டுகளாக இருந்துவந்த கால அட்டவணை இது. 2017இல் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளச் சிறிது இடம் கொடுத்தார்கள்.

அவன் ஒருபோதும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் கூட்டாளி உடன் இருப்பான். அந்தக் கூட்டாளியைத் தேர்ந்தெடுப்பதும் மேலிடமே. சினிமா இல்லை, காதல் இல்லை, மது, புகை, காபி, தேநீர் எதுவும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்குக் கடிதம் எழுத. 2019 பிப்ரவரி வரையில் பெற்றோரோடு தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டே நாள்தான்: கிறிஸ்துமசும் அன்னையர் தினமும். அதன் பிறகுதான் வாரம் ஒரு முறை பேசலாம் என்றார்கள்.

சம்பளம்? ஒரு காசு கிடையாது. அமெரிக்கப் பையனானால், அவனோ அவன் குடும்பமோ மாதந்தோறும் சபைக்குப் பணம் கட்ட வேண்டும். முன்பு மாதம் 400 டாலர். 2020 ஜூலை முதல் 500 டாலர். இரண்டு ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தால் 12,000 டாலர். வேலையும் செய்து, அந்த வேலைக்குக் கட்டணமும் கட்டுகிற தொழிலாளியை வேறெங்கே பார்க்க முடியும்?

இத்தனைக்கும் பலன் என்ன? 2024ஆம் ஆண்டு இறுதியில் இப்படிப் பிரசாரத்தில் இருந்தவர்கள் 74,000 பேருக்கு மேல். அந்த ஆண்டில் சபையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 3,08,000 பேருக்கு மேல். வகுத்துப் பார்த்தால், ஓர் ஆண்டு முழுவதும் நடந்த ஒருவனுக்குக் கிடைத்தவர்கள் நால்வர்! நாலு பேருக்காக ஆயிரம் கதவு. பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்கலாம். நாம் சிரிக்கவில்லை. ஏனெனில், கதவுக்கு உள்ளே இருப்பவன் மாறுகிறானோ இல்லையோ, கதவைத் தட்டியவன் மாறிவிடுகிறான். கூச்சம் போகிறது, அயல்மொழி வருகிறது, அவமானத்தைத் தாங்கும் பக்குவம் வருகிறது. ஊர் திரும்பும்போது, சபைக்கு ஆயுட்காலத் தொண்டனாகத் திரும்புகிறான். அந்த நடையின் முதல் அறுவடை அவனேதான்.

மிட் ராம்னி என்ற பெயரைத் தோழர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 2012இல் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர். அவர் தந்தை ஜார்ஜ் ராம்னி மோட்டார் கம்பெனித் தலைவராக இருந்து மிச்சிகன் மாநிலக் கவர்னர் ஆனவர். அந்தக் கவர்னரின் மகன், 1966இல் பத்தொன்பது வயதில் பிரான்சுக்குப் போய், இரண்டரை ஆண்டு கதவு தட்டினார். கவர்னர் மகனுக்கும் அதே வெள்ளைச் சட்டை, அதே சாத்திய கதவு. இதை நாம் மெச்சத்தான் வேண்டும். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது வியட்நாம் போர்க்காலம். மதப் பிரசாரகன் என்ற வகையில் கட்டாயப் படைச் சேவையிலிருந்து அந்த ஆண்டுகளில் அவருக்கு விலக்கு இருந்தது. சாத்திய கதவு மார்மன் வாலிபனுக்கு. துப்பாக்கிக் குண்டு, விலக்கு வாங்க வழியில்லாத ஏழை வீட்டு வாலிபனுக்கு!

வரலாற்றில் சிறிது பின்னே போவோம். 1837இல் இந்தச் சபையின் முதல் பிரசாரகர்கள் ஏழு பேர் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவரான ஹீபர் கிம்பல் மண்பாண்டம் வனைந்தவர். கொல்லுப் பட்டறையிலும் வேலை பார்த்தவர். நேரே போன ஊர் பிரஸ்டன். லங்காஷயரின் பஞ்சாலை ஊர். ஜூலை 30ஆம் நாள் ரிப்பிள் ஆற்றிலே ஒன்பது பேர் முழுக்குப் பெற்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 1851இல் யூட்டாவில் இருந்த மார்மன்களைவிடப் பிரிட்டனில் இருந்தவர்களே அதிகம்!

ஏன் சேர்ந்தார்கள்? வேதாந்த விளக்கத்தில் மயங்கியா? பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டிருந்த மனிதனிடம், அவனைப் போலவே கையில் காய்ப்பு ஏறிய ஒருவன் வந்து, அவனுக்குப் புரிகிற பேச்சில் பேசினான். மேற்கே ஒரு நாடு இருக்கிறது, அங்கே உனக்கு நிலம் உண்டு என்றான். 1849இல் கப்பல் கட்டணத்துக்குக் கடன் கொடுக்க ஒரு நிதியையும் ஏற்படுத்தினார்கள். பரலோகத்தோடு பயணச் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏழையின் கதவு எதற்குத் திறக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இனி, நாம் கண்டிக்க வேண்டிய பக்கத்துக்கு வருவோம்.

முதலாவது, பணம். உறுப்பினர் ஒவ்வொருவரும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் எங்கே சேர்கிறது? 2023 பிப்ரவரியில், அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் இந்தச் சபை மீதும், அதன் முதலீட்டு நிறுவனமான என்சைன் பீக் மீதும் நடவடிக்கை எடுத்தது. பேருக்கு மட்டும் இருந்த கம்பெனிகளின் பெயரில் கணக்குக் காட்டி, பங்கு முதலீடு சபையினுடையது என்பதை மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2018 வாக்கில் அந்த முதலீடு சுமார் 3,200 கோடி டாலர்! நிறுவனம் 40 இலட்சம் டாலரும், சபை 10 இலட்சம் டாலரும் அபராதம் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டன. வருங்கால நெருக்கடிக்கான சேமிப்பு என்பது சபையின் விளக்கம். இருக்கட்டும். மேலே ஆயிரக்கணக்கான கோடி. கீழே மாதம் 500 டாலர் கட்டிக்கொண்டு மணிலா சந்தில் நனைகிறவன்.

அந்தச் சந்தில் அவனோடு நடக்கும் கூட்டாளியை மறந்துவிட வேண்டாம். அவன் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் பையனாகவே இருப்பான். ஏழை நாட்டுப் பையனுக்குச் சபையின் பொது நிதி உதவுகிறது; முடிந்ததைக் கொடுத்தால் போதும். நல்லது. ஆனால் இரண்டு ஆண்டு முடிந்ததும் அமெரிக்கன் கல்லூரிக்குத் திரும்புகிறான், இவன்? விட்டுவந்த வறுமைக்கே திரும்புகிறான். இதை நாம் கற்பித்துச் சொல்லவில்லை. சபைத் தலைவர் கார்டன் ஹிங்க்லி அவர்களே 2001இல் இதை எடுத்துச் சொல்லி, இத்தகைய இளைஞர்கள் படிக்கக் கடன் கொடுக்கும் நிதி ஒன்றைத் தொடங்கினார். ஒரே உடை, ஒரே அறை, ஒரே நடை. ஆயினும் இரண்டு வர்க்கம். சட்டையை ஒன்றாக்கினால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது.

இரண்டாவது, இதைவிடக் கொடியது. கறுப்பு ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு இந்தச் சபையில் குருப்பட்டம் கிடையாது என்பது 1978 ஜூன் வரை இருந்த விதி. வெள்ளைப் பையன்களுக்குப் பன்னிரண்டு வயதிலேயே தொடக்கநிலைப் பட்டம் கிடைத்துவிடும். கறுப்பன் எழுபது வயதானாலும் வெளியேதான். கோவிலின் உயர்ந்த சடங்குகளும் அவனுக்கு இல்லை. பிரேசில் நாட்டிலே கலப்பில்லாத குடும்பம் அபூர்வம். ஆகவே அங்கே போன இளம் பிரசாரகர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? புதிதாகச் சேர வந்தவனின் குடும்பப் படங்களைப் பார்ப்பது. பாட்டன் பூட்டன் பற்றி விசாரிப்பது. ஆப்பிரிக்க இரத்தம் இருக்கிறதா என்று துப்புத் துலக்குவது! பத்தொன்பது வயதுப் பையன், அன்பைப் போதிக்கப் போன இடத்தில், பிறப்பைத் தோண்டிக்கொண்டிருந்தான். சாவோ பாவ்லோ நகரில் கோவில் கட்டக் கறுப்பு உறுப்பினர்களும் பொருள் கொடுத்தார்கள். விதி மாறியிராவிட்டால், தாங்கள் கொடுத்த பணத்தில் எழுந்த கோவிலுக்குள் அவர்கள் நுழைந்திருக்க முடியாது.

1978இல் மேலிருந்து அறிவிப்பு வந்தது, விதி மாறியது. அவ்விதிக்குச் சொல்லப்பட்ட பழைய காரணங்களை ஏற்பதில்லை என்று 2013இல் சபையே எழுதியது. பெண்களுக்கு இன்றும் குருப்பட்டம் இல்லை. நாம் கேட்பது இதுதான்: 1978க்கு முந்திய நாள்வரை படங்களைப் புரட்டிய அந்தப் பையன், ஏன் 'இது அநியாயம்' என்று சொல்லவில்லை? அவன் கெட்டவன் என்பதாலா? இல்லை. ஆறரைக்கு எழச் சொன்னார்கள், எழுந்தான். நடக்கச் சொன்னார்கள், நடந்தான். பிறப்பைப் பார் என்றார்கள், பார்த்தான். கட்டுப்பாடு கற்றுக்கொடுத்தவர்கள் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. மனம் உடைந்து பாதியில் ஊர் திரும்பும் பையனைப் பலர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள் என்ற குறை அந்தச் சமூகத்துக்குள்ளேயே எழுந்திருக்கிறது. இதுவும் அதே நோயின் அடையாளம்.

தோழர்களே! இதிலிருந்து நமக்கு இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று, உறுப்பினர்களுக்கு. மேடை போட்டால் போதும், ஒலிபெருக்கி முழங்கினால் போதும் என்று எண்ணாதீர்கள். ஆலை ஷிப்டு முடிந்து வருகிறவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவன் சொல்வதைக் கேட்டு, அவனுக்குப் புரிகிற பேச்சில் பேசி, அவன் ரேஷன் கார்டுக்கோ கூலிப் பாக்கிக்கோ ஆவன செய்துவிட்டு வாருங்கள். ஞாயிறுதோறும் ஒவ்வொரு கிளையிலும் இருவர் இருவராக இரண்டு மணி நேரம் நடக்க முடியாதா? இல்லாத சொர்க்கத்துக்காக ஒருவன் இரண்டு ஆண்டு நடக்கிறான். கண்முன்னே இருக்கிற கூலிக்காகவும் மானத்துக்காகவும் நாம் இரண்டு மணி நேரம் நடக்கக் கூடாதா?

மற்றொன்று, பொறுப்பில் இருப்பவர்களுக்கு. சுவரொட்டி ஒட்டுகிற பையனுக்குப் பஸ் காசும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுத்தீர்களா என்று பாருங்கள். வசூல் கணக்கைக் கிளைக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஏன்?' என்று எழுந்து கேட்கிற இளந்தோழனை அடக்கி உட்கார வைக்காதீர்கள். நாளை இயக்கம் தவறான வழியில் திரும்புமானால், முதலில் தடுத்து நிறுத்தப் போகிறவன் அவன்தான்.