அட்மினுக்கும் ஒரு சட்டம் வேணும்!

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் எங்கள் டிபார்ட்மென்ட் பிளேஸ்மென்ட் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கல. குரூப்பை நடத்திட்டிருந்த சீனியர் அண்ணா பாஸ் அவுட் ஆகும்போது, "டேய், இனிமே நீ பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனார். அவ்வளவுதான் பதவியேற்பு விழா.

ஒருநாள் ராத்திரி வகுப்பு நண்பன் ஒருவன் வரிசையா மீம் போட்டான். "இது பிளேஸ்மென்ட் குரூப், நிறுத்துடா"ன்னு சொன்னேன். "நீ என்ன பெரிய இவனா?"ன்னு பதில் வந்தது. தூக்கிட்டேன். மறுநாள் காலையில் ஒரு கம்பெனியின் பதிவு லிங்க் அதே குரூப்பில் வந்தது. மாலை 5 மணி வரைதான் நேரம். அவனுக்கு விஷயம் தெரிந்தது ராத்திரி மெஸ்ஸில்தான்.

கேட்டவங்ககிட்ட எல்லாம் "ரூலை மீறினான், தூக்கினேன்"னு சொன்னேன். ஆனா உண்மை என்னன்னா, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மினி புராஜெக்ட் விஷயமா எனக்கும் அவனுக்கும் சண்டை. மீம் போட்டது வேற யாராவதா இருந்தா தூக்கியிருப்பேனா? மாட்டேன். புகார் கொடுத்தவன், போலீஸ், நீதிபதி மூணுமே நானாகவே இருந்தேன். அதுதான் பிரச்சினை.

"ஒரு வாட்ஸ்அப் குரூப்புக்கு இவ்வளவு பில்டப்பா?"ன்னு கேட்கலாம். கடைசி பெஞ்ச் அரட்டைக் குரூப்னா எதுவும் தேவையில்லைதான். ஆனா தேர்வுக் கட்டணத் தேதி, ஹால் டிக்கெட், பிளேஸ்மென்ட் லிங்க் எல்லாம் ஒரே குரூப் வழியா வருதுன்னா, அதிலிருந்து ஒருவரை நீக்குவது விளையாட்டு இல்லை. என் கருத்து இதுதான்: நீக்கினால் ஒருவர் எவ்வளவு இழப்பாரோ, அந்த அளவுக்கு நீக்கும் முறையும் கவனமாக இருக்க வேண்டும்.

இதை நன்றாகச் செய்யும் இடம் ஒன்று இருக்கு. விக்கிப்பீடியா. அங்கேயும் நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. ஆனா தான் சம்பந்தப்பட்ட தகராறில் ஒரு நிர்வாகி தன் அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதை இன்னொருவர்தான் பார்க்கணும். யார் யாரைத் தடை செய்தார், எப்போது, என்ன காரணம் என்பது பதிவில் இருக்கும், யார் வேணும்னாலும் பார்க்கலாம். தடை செய்யப்பட்டவர் மேல்முறையீடு செய்தால் வேறொரு நிர்வாகி பரிசீலிப்பார். அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. ஆனா சண்டையைத் தீர்க்க ஒரு வழி இருக்கு. எங்க குரூப்பில் அந்த வழியே இல்லை.

சரி, இது உறுப்பினர்களுக்கான நியாயம். அட்மினுக்கு யார் நியாயம் செய்வது?

நாம எர்ரர் வந்தா ஓடிப் போற ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை எடுத்துக்குவோம். அதைச் சுத்தமா வைத்திருப்பது சமூகமே தேர்ந்தெடுக்கும், சம்பளம் வாங்காத மாடரேட்டர்கள். 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி எழுதிய பதில்களுக்கு அங்கே தடை வந்தது. 2023 மே கடைசியில் நிறுவனம் குறுக்கிட்டு, ஏஐ எழுதியதுன்னு சந்தேகப்பட்டு பதில்களை நீக்குவதையும் ஆட்களைத் தடை செய்வதையும் பெரும்பாலும் நிறுத்தச் சொன்னது. எங்ககிட்ட தனியா சொன்ன விதி ஒண்ணு, வெளியே சொன்னது இன்னொண்ணுன்னு மாடரேட்டர்கள் குற்றம் சாட்டினார்கள். ஜூன் 5-ம் தேதி பலர் வேலைநிறுத்தத்தில் இறங்க, ஆகஸ்டில்தான் உடன்பாடு வந்தது.

அதே ஜூன் மாதம் ரெடிட்டில் இன்னொரு போராட்டம். ஏபிஐக்கு நிறுவனம் வைத்த விலையால், பல மாடரேட்டர்கள் நம்பியிருந்த வெளி ஆப்கள் மூடும் நிலைக்கு வந்தன. 12-ம் தேதி முதல் ஆயிரக்கணக்கான சப்ரெடிட்களை அவர்கள் பூட்டினார்கள். திறக்கலைன்னா உங்க இடத்தில் வேற ஆள் போடுவோம் என்ற ரீதியில் நிறுவனம் பதில் சொன்னது. வருஷக்கணக்கா ஓசியில் உழைத்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை இது.

இதுக்கெல்லாம் முன்னோடி ஏஓஎல். 1990-களில் அதன் சாட் ரூம்களைத் தன்னார்வலர்கள்தான் கவனித்தார்கள். பதிலுக்கு இணைய இணைப்பு இலவசம். 'இது வேலைதானே, கூலி எங்கே?'ன்னு 1999-ல் சிலர் வழக்குப் போட்டார்கள். 2010-ல் 1.5 கோடி டாலருக்கு அது சமரசமாக முடிந்தது.

நம்ம கிளாஸ் குரூப் அட்மினுக்குச் சம்பளம் கேட்கிறேன்னு நினைச்சுடாதீங்க! ஒருவரின் இலவச உழைப்பில் நிறுவனம் லாபம் பார்ப்பது ஒரு விஷயம். நண்பர்களுக்காக நாமே செய்வது வேறு விஷயம். ஆனா ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. வேலை செய்பவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது, எல்லாப் பாரத்தையும் ஒரே தலையில் கட்டக் கூடாது. ராத்திரி 1 மணிக்கு "அந்த பிடிஎஃப்ஐ மறுபடி அனுப்பு"ன்னு கேட்கிறவங்க, அடுத்த நாள் "அட்மின் சரியில்லை"ன்னும் சொல்றாங்க. களைத்துப் போன ஆள் கோபத்தில் எடுக்கும் முடிவு நியாயமா இருக்கும்னு எப்படி எதிர்பார்ப்பது? என் கதையில் பாதி அதுதான்.

அதனால் நம்ம கல்லூரிக் குரூப்களுக்கு என் யோசனைகள்:

1. அறிவிப்புக்கு ஒரு குரூப், அரட்டைக்கு இன்னொரு குரூப். அறிவிப்புக் குரூப்பில் அட்மின்கள் மட்டும் பதிவிடட்டும். அங்கிருந்து யாரையும் தண்டனையாக நீக்கக் கூடாது.

2. விதிகள் ஐந்து வரிக்குள், எல்லார் கண்ணிலும் படும்படி குரூப் விவரத்தில் இருக்கணும். விதியில் இல்லாததுக்குத் தண்டனை இல்லை.

3. குறைந்தது மூணு அட்மின். ஹாஸ்டலில் ஒருவர், டே ஸ்காலர் ஒருவர், மாணவியர் தரப்பில் ஒருவர். சண்டையில் உள்ள அட்மின் அந்த முடிவிலிருந்து விலகிக்கணும்.

4. முதலில் தனியாக எச்சரிக்கை. அப்புறமும் தொடர்ந்தால் நீக்கலாம். காரணமும் திரும்பச் சேர்க்கும் நாளும் சொல்லணும். மிரட்டல், ஆபாசம், பெண்களின் படத்தையோ நம்பரையோ பரப்புவது என்றால் எச்சரிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே நீக்கிட்டு, காரணத்தை அப்புறம் சொல்லலாம்.

5. அட்மின் பதவி ஒரு செமஸ்டர்தான். முடிந்ததும் நன்றி சொல்லி, அடுத்தவர்கிட்ட ஒப்படைக்கணும்.

விதி போட்டா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. விதியைச் சாக்கா வெச்சு ஆளைத் தூக்குறவங்களும் இருப்பாங்க. ஆனா எழுதி வைத்த விதி இருந்தால், "இது தப்பு"ன்னு சுட்டிக்காட்ட மத்தவங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

அந்த நண்பனை மறுநாளே குரூப்பில் சேர்த்தேன், மன்னிப்பும் கேட்டேன். "விடு மச்சி"ன்னான். அவன் விட்டுட்டான். ஆனா அந்த லிங்க் திரும்பத் திறக்கல.

இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் அட்மின்? இன்னைக்கே இன்னும் ரெண்டு பேரை அட்மின் ஆக்குங்க. மத்தவங்க, உங்க அட்மினுக்கு ஒரு நன்றி சொல்லுங்க. அப்படியே, "நம்ம குரூப் ரூல் என்ன?"ன்னும் கேளுங்க.