வண்டி உங்களுடையது, சாவி யாருடையது?

இராஜபாளையத்தில் ஒருவர் இருந்த கார் சாவிகளையெல்லாம் தொலைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி போடுபவர் கதவைத் திறந்துவிடுவார், புதுச் சாவியும் வெட்டித் தருவார். ஆனால் வண்டி கிளம்பாது. இதுதான் இம்மொபிலைசர்!

சாவித் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதன் குறியீடு இன்ஜின் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போனால்தான் இன்ஜின் ஓடும். (இந்த சிப்புக்கு பேட்டரி தேவையில்லை. ரிமோட் பேட்டரி தீர்ந்துபோனால், பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் பலவற்றில் சாவியை பட்டனோடு ஒட்டிப் பிடித்தாலே போதும். அவசரப்பட்டுப் புதுச் சாவி வாங்காதீர்கள்.)

திருடனைத் தடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் புதுச் சாவியைப் பதிவு செய்யும் எண்ணும் கருவியும் கம்பெனியிடம் மட்டுமே இருந்தால்? இன்ஜினையே கழற்றி மாட்டும் உள்ளூர் மெக்கானிக் கைகட்டி நிற்பார். ஊரில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இல்லையென்றால், ஒரு சாவிக்காக வண்டியையே மதுரைக்கு ஏற்றி அனுப்பவேண்டும்.

"எண்ணைக் கொடுத்தால் திருடனுக்கு வசதி" என்பார்கள். 2005லேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒருவகைச் சாவி சிப்பின் ரகசியத்தை உடைத்துக் காட்டிவிட்டார்கள். கெட்டிக்காரத் திருடனுக்கு வழி உண்டு. வழியில்லாமல் நிற்பவர் ஆர்.சி. புத்தகத்தோடு நிற்கும் சொந்தக்காரர்தான்!

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கவேண்டும் என்றது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின.

ஆர்.சி.யையும் அடையாள அட்டையையும் சரிபார்த்துவிட்டு எண்ணைக் கொடுத்தால் என்ன குடிமுழுகிவிடும்? லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய வண்டிக்கு, சாவி கேட்டுக் கெஞ்சவேண்டுமா? யோசியுங்கள்.