உள்ளே விட்டது யார்?

மாண்புமிகு மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

விழுப்புரம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் 28 ஆண்டுகள் பொருளியல் நடத்தியவன் நான். அதில் 9 ஆண்டுகள் ஆண்கள் விடுதியின் துணைக் காப்பாளர் பொறுப்பும் தலையில் ஏறியது. கூடுதல் சம்பளம் எதுவும் இல்லாத வேலை அது. ஆனால் இரவு பத்தரைக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் தொலைபேசி அடிக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஒரு சனிக்கிழமை இரவு, இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மூன்று பேர் தள்ளாடிக்கொண்டு விடுதிக்கு வந்து மாட்டிக்கொண்டார்கள். வழக்கப்படி பெற்றோரை வரச் சொன்னோம். செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார்: “தப்புதான் சார். நாலு அறை விடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இருவத்தொண்ணு வயசு ஆவணும்னு போர்டு போட்டிருக்குது. இவனுக்குப் பத்தொம்போது. பார்ல உள்ள விட்டது யாரு சார்?”

“அதெல்லாம் போலீஸ் பார்த்துக்குவாங்க” என்று ஏதோ சொல்லி வைத்தேன். பதினைந்து நாள் நீக்கம் என்ற ஆணையில் கையெழுத்தும் போட்டேன். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக் கைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை மது விற்கும் கடையும் அரசுடையது, விதியும் அரசுடையது. தனியார் முதலாளி லாபத்துக்காக விதியை மீறுகிறான் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாத வியாபாரம் இது.

அந்த மூன்று பையன்களையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். கதை ஒன்றாகவே இருந்தது. அவர்கள் கடைப் பக்கமே போகவில்லை. வெளியே நிற்கும் ஒரு ‘அண்ணன்’ வாங்கிக் கொடுத்தாராம். கூலி, ஒரு கட்டிங். பிறகு பாருக்குள் போய் உட்கார்ந்தார்கள். டம்ளர் வந்தது, தண்ணீர் பாக்கெட் வந்தது, ஆம்லெட் வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. இதில் யாரைப் பிடிப்பது? கடைக்காரர் விற்றது வளர்ந்த ஆளுக்கு. பார்க்காரரைக் கேட்டால், நான் ஏலத்தில் எடுத்தது தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும்தான், மது நான் விற்கவில்லையே என்பார். ‘அண்ணன்’ யாரென்றே தெரியாது. எல்லோரும் கையைக் கழுவிக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தவன் பத்தொன்பது வயதுக்காரன். அவனுக்குத்தான் பதினைந்து நாள்.

இதில் இன்னொன்றும் உண்டு. பிளஸ் டூ முடித்து நேராகக் கல்லூரிக்கு வருகிறவர்களில் பலருக்குச் சேரும்போது வயது 17. சட்டத்தின் கண்ணில் அந்த வயதுக்காரன் குழந்தை. குழந்தைக்கு மது கொடுப்பவருக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77-ஆம் பிரிவின்படி, 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. விதியை மீறிய ஒருவர் உரிமத்தை மட்டும் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற சமாச்சாரம் இல்லை இது. எத்தனை பார்களில் இந்தப் பிரிவை எழுதி மாட்டியிருக்கிறார்கள்? நான் பார்த்தவரை ஊறுகாய் விலை எழுதியிருக்கிறது.

ஒரு கல்யாணப் பந்தியில் என் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். பட்டம் முடித்தவர், 2003-இல் அரசுக் கடை வேலையில் சேர்ந்தவர், இன்றைக்கும் தொகுப்பூதியத்தில் மேற்பார்வையாளர். என் வகுப்பில் தேவையும் அளிப்பும் படித்தவர் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ரசம் ஊற்றும் நேரத்தில் கேட்டேன்: “நீங்க வயசு கேக்கறது உண்டா இல்லையா?” அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ரெண்டு வாட்டி கேட்டேன் சார். மொத பையன் போன்ல ஆதாரைக் காட்னான். அது அவங்க அண்ணன் ஆதார். ரெண்டாவது பையனைத் திருப்பி அனுப்புனேன். கடையைப் பூட்டிட்டுக் கணக்கு முடிச்சுக் கெளம்புறேன், நாலு பேரோட வந்து வண்டிய மறிச்சான். எனக்கு யாரு சார் வருவா? எவ்ளோ வித்துச்சுன்னு தெனம் கேக்கறாங்க. எத்தன பேர வேணாம்னு திருப்பி அனுப்புனேன்னு இந்தத் தேதி வரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல.”

அமைச்சர் அவர்களே, இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே இந்த மடல்.

உங்கள் துறைக்கு எண்ணத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. காலி பாட்டில்கள் காட்டில் கிடந்து யானையின் காலைக் கிழிக்கின்றன என்று உயர்நீதிமன்றம் கவலைப்பட்டது. 2022-இல் நீலகிரியில் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் தரும் திட்டம் வந்தது. குடித்து எறிந்த பாட்டில் மறுபடி கடைக்கு வருகிறதா என்று இன்று நம்மால் பின்தொடர முடிகிறது. 2024 இறுதியில் ராமநாதபுரத்திலும் அரக்கோணத்திலும் தொடங்கி, ஒவ்வொரு பாட்டிலையும் ஸ்கேன் செய்து பில் போடும் கருவிகளை உங்கள் துறை கொண்டுவந்தது. ஆலையில் எந்த நாளில் அடைத்தது, எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று பாட்டிலின் ஜாதகமே வரும். வாங்குகிறவன் வயது மட்டும் எந்தத் திரையிலும் வராது.

2023 ஏப்ரலில் சென்னை கோயம்பேட்டில் ஒரு வணிக வளாகக் கடையில் தானியங்கி இயந்திரம் வைத்தபோது கூச்சல் எழுந்தது. பையன்கள் பணத்தைப் போட்டு எடுத்துக்கொள்வார்களே என்று. கடைக்குள்ளேதான் இருக்கிறது, பணியாளர்கள் முன்னிலையில்தான் எடுக்க முடியும் என்று அரசுத் தரப்பு விளக்கம் கொடுத்தது. இயந்திரத்துக்கு வயது தெரியாது, மனிதனுக்குத் தெரியும் என்பதுதானே அதன் பொருள்? அப்படியானால் அந்த மனிதனுக்கு என்ன பலம் கொடுத்திருக்கிறோம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 23,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், ‘உனக்குத் தர மாட்டேன்’ என்று சொன்ன ஊழியருக்குப் பின்னால் துறை நிற்கும் என்று ஒரு சுற்றறிக்கையாவது வந்தால் போதும். என் மாணவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

பில் போடும் கருவியில் இன்னொரு பொத்தான் சேர்ப்பதற்கு எவ்வளவு செலவாகும்? ‘வயது குறைவு, மறுத்தேன்.’ அழுத்தினால் தேதி, நேரம், கடை எண் பதிவாகும். மாதத்துக்கு ஒரு மறுப்புகூட இல்லாத கடை கல்லூரி வாசலுக்குப் பக்கத்தில் இருந்தால், அங்கே போய்ப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கும். பாருக்கும் இதே கணக்கு வேண்டும். மேசையில் உட்காருகிறவனின் வயதுக்கு ஏலம் எடுத்தவர்தான் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று எழுதிவிட்டு யார் வந்தாலும் கதவைத் திறக்கிற மனமகிழ் மன்றங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே வயதைவிட மனமகிழ்ச்சிதான் முக்கியம்.

2023 தொடக்கத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதைவிடக் கடுமையான யோசனைகளைச் சொன்னது. வாங்குகிறவருக்கு உரிமம், விற்பனை பிற்பகல் 2 மணி முதல் இரவு 8 மணி வரை மட்டும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

நாம் செய்துகொண்டிருப்பது வேறு. கடையின் தூரத்தை அளக்கிறோம். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கல்வி நிலையத்திலிருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். டேப் வைத்து அளந்து சண்டை போடுகிறோம். பையனிடம் பைக் இருக்கிறது. அல்லது, வேட்டை ஆடுகிறோம். 2019 மே மாதம் பொள்ளாச்சி அருகே தோட்ட விடுதி ஒன்றில் 150-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் கேரளத்துக் கல்லூரி மாணவர்கள், கூண்டோடு கைதானார்கள். சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அவர்கள் வரிசையாக நடந்ததை எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டின. அவர்கள் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. பிடிபடும்போது வரிசையில் எப்போதும் மாணவன் மட்டுமே நிற்கிறான் என்பதைத்தான் சொல்கிறேன். 2015-இல் மதுவிலக்குக்காகப் போராடிய சசிபெருமாள் இறந்த சில நாட்களில், கடையை மூடு என்று சேத்துப்பட்டில் கடையை உடைத்த பச்சையப்பன் கல்லூரி மாணவர்களும் தடியடி வாங்கிச் சிறைக்குப் போனார்கள். குடித்தாலும் அடி, குடிக்காதே என்றாலும் அடி.

இனி என் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும்.

கொத்தனார் வந்துபோனதற்கும் ஓராண்டு முன்பு. விடியற்காலை ஐந்து மணிக்குச் சமையல்காரர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். ஓர் அறையில் பையன் ஒருவன் வாந்தியில் கிடந்தான், உடம்பு சில்லென்று. முந்தைய இரவு பதினோரு மணியிலிருந்து அப்படித்தான் கிடந்திருக்கிறான். நண்பர்கள் எலுமிச்சைச் சாறு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், பிறகு பயந்துபோய் வெளியே பூட்டிவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு மணி நேரம். 108-க்கு அடித்திருந்தால் இருபது நிமிடத்தில் வண்டி வந்திருக்கும். ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். ஒருவன் அழுதுகொண்டே சொன்னான்: “ஆம்புலன்ஸ் வந்தா கேட்ல எழுதணும் சார். எழுதுனா நீங்க எங்க எல்லாரையும் சஸ்பெண்ட் பண்ணுவீங்க.”

பையன் பிழைத்துக்கொண்டான். ஒருக்களித்துப் படுத்திருந்ததால் தப்பினான், மல்லாந்து கிடந்திருந்தால் கதையே வேறு என்றார் மருத்துவர். அந்தப் பூட்டை மாட்டியது பையன்களின் கை. ஆனால் அதற்கான சாவியை நான்தான் என் விதிப் புத்தகத்தில் வைத்திருந்தேன். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் ஒரு விதி உண்டு. குடித்து மயங்கிய நண்பனுக்காக உதவி கேட்டவனுக்கும், மயங்கியவனுக்கும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. அங்கேயும் வயது 21தான். எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு விதி வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னபோது, “குடிக்கறதுக்கு லைசென்ஸ் கொடுக்கறீங்களா சார்?” என்று சிரித்தார்கள். இது உங்கள் துறையின் கீழ் வராது, தெரியும். உயர்கல்வித் துறை அமைச்சரை அமைச்சரவைக் கூட்டத்தில் பார்ப்பீர்கள் அல்லவா, ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

21 என்பது சரியான எல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. ஓட்டுப் போட 18, வண்டி ஓட்ட 18. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் பேருந்தில் போனால் புதுச்சேரி, அங்கே 18. மேற்கே கேரளத்துக்குப் போனால் 23. ஒரே பையன் ஒரு வார இறுதியில் மூன்று விதமான வயதுக்காரன் ஆகலாம். சனிக்கிழமை மாலைப் புதுச்சேரிப் பேருந்துகளில் என் மாணவர்களை நானே பார்த்திருக்கிறேன். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நானும் செய்தித்தாளை உயர்த்திக்கொள்வேன். எல்லை 21 ஆக இருக்கட்டும், நீங்கள் 18 ஆக்கினாலும் ஆக்குங்கள். ஆனால் எழுதிய எண் எதுவோ அதைக் கேட்க ஒரு ஆள் வாசலில் இருக்க வேண்டும். பதினெட்டு வயதில் ஒருவன் அரசாங்கத்தோடு நேருக்கு நேர் கொடுக்கல் வாங்கல் செய்யும் முதல் இடங்களில் இந்தக் கடையும் ஒன்று. தலைக்கு மேல் தொங்கும் எழுத்துக்கு அங்கே மதிப்பில்லை என்று கண்டுகொண்டவன், நாளை வேறு எந்தப் பலகையைப் பார்த்து நிற்பான் என்று நினைக்கிறீர்கள்?

வருமானம் குறையுமே என்பார்கள் உங்கள் அதிகாரிகள். 2024-25-இல் 48,344 கோடி ரூபாய் என்று பேரவையில் வைத்த கணக்கு. முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 2,500 கோடி கூடுதல். அதில் 21 வயதுக்குட்பட்டவர்கள் கொடுத்தது எவ்வளவு? சட்டப்படி அது பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து எதுவும் குறையாது. கடையில் மறுத்தால் கள்ளச்சாராயத்துக்குப் போவார்கள் என்ற வாதத்தையும் அறிவேன். கள்ளக்குறிச்சியில் 2024-இல் கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். அங்கே செத்தவர்கள் வயது காரணமாகக் கடையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இல்லை.

ஆகவே கேட்பது இதுதான். மானியக் கோரிக்கையின்போது நீங்கள் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் கடைகள் எத்தனை, பணியாளர்கள் எத்தனை, வருவாய் எத்தனை என்று அட்டவணை போடுகிறீர்கள். அடுத்த குறிப்பில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: வயது குறைவு என்பதால் மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர். முதல் ஆண்டு எண் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, அச்சிடுங்கள்.

கொத்தனாரின் மகன் பட்டம் வாங்கிவிட்டான். இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, வயது 24. அவன் எந்தக் கடைக்கும் போகலாம், எந்தப் பாரிலும் உட்காரலாம். அவன் தம்பி இந்த ஆண்டு அதே கல்லூரியில் சேர்ந்து அதே விடுதியில் தங்கியிருக்கிறான். அவனுக்கு 17.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதித் துணைக் காப்பாளர்,
விழுப்புரம் மாவட்டம்